ப்ளூமிங்டன்-நார்மலுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு: வாடகையா, வீடா?

சிகாகோவிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே 130 மைல் வந்தால் மெக்லீன் கவுண்டி. நடுவில் ப்ளூமிங்டன், நார்மல் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்கள், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மக்காச்சோளமும் சோயாவும். பரப்பளவில் இல்லினாய் மாநிலத்திலேயே பெரிய கவுண்டி இதுதான், ஆனால் 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனமே 1,70,954 பேர். நம்மூர்க்காரர்கள் இங்கே வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஸ்டேட் ஃபார்ம் இன்ஷூரன்ஸ் தலைமையகம், அப்புறம் அதற்காக வேலை பார்க்கும் ஐடி சர்வீஸ் கம்பெனிகள். கடந்த சில வருஷமாக ரிவியன் எலெக்ட்ரிக் கார் ஆலைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "இங்கே வீட்டு விலை ஏறுமா?" அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் சம்பளம் இந்த ஊரில் எதை நம்பி நிற்கிறது, அது ஆடினால் உங்கள் வீடும் சேர்ந்து ஆடுமா என்பது. பெரிய நகரத்தில் ஒரு கம்பெனி போனால் இன்னொன்று. இங்கே அப்படி இல்லை. மொத்தக் கவுண்டியின் பொருளாதாரமும் நாலைந்து வாசல்களில் அடங்கிவிடும்.

முதல் வேலை: உங்கள் வாசல் எது என்று பாருங்கள்

ஸ்டேட் ஃபார்ம் 1922-இல் இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் ஜார்ஜ் மெச்செர்லே என்ற ஓய்வுபெற்ற விவசாயி. இன்றைக்கும் கவுண்டியின் மிகப்பெரிய முதலாளி அதுதான். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கம்பெனி டல்லாஸ், ஃபீனிக்ஸ், அட்லாண்டா பக்கம் மூன்று பெரிய மையங்களை எழுப்பிவிட்டது. டவுன்டவுன் ப்ளூமிங்டனில் இருந்த தன் பழைய கட்டடத்தையும் காலிசெய்தது. தலைமையகம் போகப்போகிறது என்று ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை வதந்தி கிளம்பும், அதை நான் நம்பவில்லை. ஆனால் "தலைமையகம் இங்கேயே இருக்கும்" என்பதும் "உங்கள் டீம் இங்கேயே இருக்கும்" என்பதும் ஒன்றல்ல. கான்ட்ராக்டில் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிராஜெக்ட் டல்லாஸுக்கு மாறினால் உங்களையும் மாறச் சொல்வார்கள், சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போனால் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த டீமில் எத்தனை பேர் ப்ளூமிங்டனில் இருக்கிறார்கள், கான்ட்ராக்ட் எப்போது புதுப்பிக்கப்படும், போன தடவை புதுப்பித்தபோது ஆள் எண்ணிக்கை கூடியதா குறைந்ததா. மழுப்பலாகப் பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிவியன் கதை வேறு மாதிரி. நார்மலின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அந்த ஆலை 1988-இல் டைமண்ட்-ஸ்டார் என்ற பெயரில் தொடங்கி, பின்னால் மிட்சுபிஷி ஆலையாகி, 2015 கடைசியில் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் அங்கே சுமார் 1,200 பேர் வேலை பார்த்தார்கள். 2017-இல் ரிவியன் அதை 1.6 கோடி டாலருக்கு வாங்கியது, அப்போது அந்தப் பெயரை ஊரில் யாருக்கும் தெரியாது. 2021 செப்டம்பரில் முதல் பிக்கப் வண்டி வெளியே வந்தது, அப்புறம் சில ஆயிரம் பேரை எடுத்தார்கள். ஊரின் வீட்டுச் சந்தை தலைகீழானதும் அப்போதுதான்.

அதற்காக ரிவியன் வாசலை இரும்புக் கதவு என்று நினைக்க வேண்டாம். 2022, 2023, 2024, 2025 என்று நான்கு வருஷமும் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. 2025 அக்டோபரில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். எல்லாரும் நார்மலைச் சேர்ந்தவர்கள் அல்ல, ஆலைத் தளத்தைவிட ஆபீஸ் வேலைகள்தான் அடிக்கடி அடிவாங்கின. மறுபக்கம், ஜார்ஜியாவில் கட்டுவதாக இருந்த ஆலையை 2024-இல் தள்ளிவைத்துவிட்டு, விலை குறைந்த ஆர்2 மாடலை முதலில் நார்மலிலேயே செய்வது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு மாநில அரசு 82.7 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை அறிவித்தது, ஆலையும் விரிவாக்கப்பட்டது, உதிரிபாகம் செய்பவர்களுக்கென்று பக்கத்திலேயே ஒரு தொழிற்பூங்காவும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசு தந்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் நின்றுபோன பிறகுதான் ஆர்2 சந்தைக்கு வருகிறது. அது நன்றாக ஓடினால் நார்மல் ஓடும், ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை மிட்சுபிஷி காலத்து ஆட்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

மற்ற வாசல்கள் இவ்வளவு ஆடாது. இல்லினாய் ஸ்டேட் யுனிவர்சிட்டி 1857-இல் தொடங்கியது, மாநிலத்தின் மிகப் பழைய அரசுப் பல்கலைக்கழகம், இப்போது 21,000-க்கு மேல் மாணவர்கள், 2025-இல் புதிதாக இன்ஜினியரிங் கல்லூரியும் திறந்துவிட்டார்கள். கன்ட்ரி ஃபினான்ஷியல் என்ற இன்னொரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தலைமையகம் இங்கேதான். கார்ல் ப்ரோமென், ஓஎஸ்எஃப் செயின்ட் ஜோசப் என்று இரண்டு ஆஸ்பத்திரிகள். ஃபெரேரோவின் சாக்லேட் ஆலை. 2024-இல் அங்கே கிண்டர் ப்யூனோ தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் பெரிய வண்டி டயர் ஆலை.

விவசாயம் உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் நாட்டிலேயே மக்காச்சோளமும் சோயாவும் அதிகம் விளையும் கவுண்டிகளில் இதுவும் ஒன்று, நல்ல கரிசல் நிலம் ஏக்கர் 10,000 டாலரைத் தாண்டும். 2025-இல் சீனா அமெரிக்க சோயாவை மாதக்கணக்கில் வாங்காமல் நிறுத்தியபோது அந்தக் கவலை டிராக்டர் கடையோடு நிற்கவில்லை. ஊர்ப் பாங்க், பிக்கப் வண்டி விற்கிறவர், கிராமப்புறப் பள்ளியின் வரி வரவு எல்லாமே அந்த விலையோடு தொங்கிக்கொண்டிருக்கின்றன.

இப்போது ஒரு எளிய சோதனை. வீட்டில் இரண்டு சம்பளம் இருந்தால், இரண்டும் ஒரே வாசல் வழியாக வருகிறதா? கணவன் ஸ்டேட் ஃபார்ம் கான்ட்ராக்டில், மனைவியும் அதே. இந்த ஊரில் இது ரொம்ப சகஜம். அப்படியிருந்தால் ஆபத்துக் கையிருப்பாக ஆறு மாதச் செலவு போதாது, ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆஸ்பத்திரியிலோ யுனிவர்சிட்டியிலோ இருந்தால் நிம்மதியே தனி.

முதல் வருஷம் வாடகைக்கு இருங்கள்

இது என் கருத்து, எதிர்க்கருத்தும் உண்டு. வாடகை ஏறிக்கொண்டே போகிறதே, அந்தப் பணத்தை மார்ட்கேஜில், அதாவது வீட்டுக் கடனில், போடலாமே என்பார்கள். வாடகை ஏறியது உண்மைதான். 2008-க்குப் பிறகு இங்கே வீடு கட்டுவது சுருங்கிப்போனது, ரிவியன் வந்தபோது வந்தவர்களுக்கு இடமில்லை. இல்லினாயில் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரவே உள்ளூர் அரசுகளுக்கு அதிகாரம் கிடையாது, 1997 சட்டம் தடுக்கிறது. ஆகவே லீஸ் முடியும்போது எவ்வளவு ஏற்றுவார்களோ அவ்வளவுதான். இருந்தாலும் முதல் வருஷம் வாடகைதான் சரி. ஏன் என்பது கீழே கணக்கில் வரும்.

வாடகை தேடும்போது யுனிவர்சிட்டி காலண்டரை மனதில் வையுங்கள். இல்லினாய் ஸ்டேட் வளாகத்தைச் சுற்றி இருக்கும் அப்பார்ட்மென்ட்கள் ஆகஸ்டிலிருந்து ஆகஸ்டுக்கு ஓடுகின்றன, மாணவர்கள் அடுத்த வருஷ லீஸை முந்தைய இலையுதிர் காலத்திலேயே போட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்க முடியாது. ப்ளூமிங்டனின் கிழக்குப் பக்கம், வெட்டரன்ஸ் பார்க்வேக்கு அப்பால், ஜிஇ ரோடு, ஹெர்ஷி ரோடு பகுதிகளில் நம் ஆட்கள் நிறைய. நார்மலின் வடக்கிலும் கிழக்கிலும் டவுன்ஹவுஸ்களும் டியூப்ளெக்ஸ்களும் கிடைக்கும்.

கிரெடிட் ஹிஸ்டரி இல்லாமல் நேராக இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஆஃபர் லெட்டரையும், முடிந்தால் பழைய வீட்டுக்காரரின் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். இரண்டு மாத டெபாசிட் கேட்டால் பேசிப் பாருங்கள், சிலர் இறங்கி வருவார்கள். குடிபுகும் அன்றைக்கே கார்ப்பெட் கறை, கதவுக் கீறல், பாத்ரூம் காறை என்று எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அன்றே மேனேஜ்மென்ட்டுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடமாக இருந்தால், நீங்கள் காலிசெய்த 30 நாளுக்குள் எதற்கெல்லாம் பிடித்தம் என்று இனம்வாரியாக எழுதித்தர வேண்டும், பிடித்தம் இல்லையென்றால் 45 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். இது மாநிலச் சட்டம். தனி ஆள் வாடகைக்கு விடும் சின்ன வீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே அந்த வீடியோதான் உங்களுக்குத் துணை.

அந்த ஒரு வருஷத்தில் குளிர்காலம் ஒன்றைப் பார்த்துவிடுவீர்கள். பஸ் இருக்கிறது, கனெக்ட் டிரான்சிட் என்று பெயர், ஆனால் குழந்தையோடு ஜனவரியில் பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகக் கற்பனை செய்ய வேண்டாம், கார் வாங்கியே ஆக வேண்டும். சிகாகோ போக நார்மல் அப்டவுன் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ரயில் நன்றாக இருக்கிறது, 2023-லிருந்து மணிக்கு 110 மைல் வேகம்வரை ஓடுகிறது. உள்ளூரிலேயே ஹிந்துக் கோயிலும் இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. கல்யாணப் புடவை, நகை என்றால் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லோ டெவன் அவென்யூவோதான்.

வாங்குவதென்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

3 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம், அதாவது 60,000 கையிலிருந்து, 2.4 லட்சம் கடன். 6.5 சதவீத வட்டியில் 30 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 1,517 டாலர். இதே கடனை 2021-இல் 3 சதவீதத்தில் வாங்கியவர் கட்டுவது 1,012. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்காமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று இதிலிருந்தே புரியும், விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால் மாதம் 500 டாலர் அதிகம். சந்தையில் வீடு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது சொத்து வரி. டெக்சாஸை விட்டுவிட்டால் நம் ஆட்கள் அதிர்ச்சியடையும் இடம் இல்லினாய்தான். இங்கே வீட்டின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வரி மதிப்பாக எடுப்பார்கள். 3 லட்சம் வீட்டுக்கு 1 லட்சம். நீங்களே குடியிருந்தால் அதில் 6,000 தள்ளுபடி, மீதி 94,000. இதன்மேல் பள்ளி, நகரம், கவுண்டி, டவுன்ஷிப், நூலகம், பூங்கா என்று ஆளுக்கொரு வீதம். எல்லாம் சேர்ந்து 8 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 7,520 டாலர், மாதத்துக்கு 627. வீதம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் பிடித்த வீட்டின் போன வருஷ வரி பில்லையே கவுண்டி வெப்சைட்டில் போய்ப் பாருங்கள், ரியல்டர் (வீட்டுத் தரகர்) சொல்லும் தோராயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இந்த பில்லில் பெரும்பகுதி பள்ளிக்குப் போகிறது. யூனிட் 5 பள்ளி மாவட்டம் வரி வீதத்துக்காக 2022 நவம்பரில் மக்களிடம் ஓட்டுக் கேட்டுத் தோற்றது, 2023 ஏப்ரலில் மறுபடி கேட்டு ஜெயித்தது. ஆகவே வரியும் பள்ளியும் ஒரே பேச்சு. இன்னொன்றும் கவனியுங்கள்: "ப்ளூமிங்டன்" என்று முகவரி இருந்தால் ப்ளூமிங்டன் பள்ளி என்று அர்த்தமில்லை. நகரத்தின் பழைய பகுதி டிஸ்ட்ரிக்ட் 87, கிழக்கு ஓரப் பகுதிகள் பல யூனிட் 5. தென்கிழக்கில் க்ரோவ் என்ற குடியிருப்புப் பக்கம் புது வீடு வாங்குகிறவர்கள் பிள்ளைகளை யூனிட் 5-இன் பெஞ்சமின் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தெரு நடுவில் எல்லை ஓடும் இடங்களும் உண்டு, பள்ளி மாவட்டத்துக்கே போன் போட்டு வீட்டு எண்ணைச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ். இங்கே ஒரு வேடிக்கை: ஸ்டேட் ஃபார்ம் 2025-இல் இல்லினாய் வீட்டு இன்ஷூரன்ஸ் கட்டணத்தைச் சராசரியாக 27.2 சதவீதம் ஏற்றியது, ஆலங்கட்டி மழைச் சேதம்தான் பெரிய காரணம் என்றார்கள், கவர்னர் பிரிட்ஸ்கர் வெளிப்படையாகவே கண்டித்தார். சம்பளம் கொடுக்கும் கம்பெனியே பில்லையும் ஏற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது! மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கணக்குக்கு மாதம் 175 என்று போடுவோம்.

எல்லாம் கூட்டினால் 1,517, 627, 175. மாதம் 2,300-ஐத் தாண்டிவிட்டது, இன்னும் தண்ணீர், கேஸ், கரண்ட், புல்வெட்டு எதுவும் வரவில்லை.

சரி, இப்போதுதான் முக்கியமான இடம். இந்தக் கடனில் முதல் ஐந்து வருஷத்தில் நீங்கள் அடைக்கும் அசல் சுமார் 15,300 டாலர்தான், மீதியெல்லாம் வட்டி. ஐந்தாவது வருஷ முடிவில் அதே 3 லட்சத்துக்கு வீட்டை விற்றால் கமிஷன், வக்கீல், சின்னச் சின்ன ரிப்பேர் என்று 6, 7 சதவீதம் போகும், அதாவது 18,000 முதல் 21,000. ஐந்து வருஷம் அடைத்த அசல் மொத்தமும் விற்கும் செலவுக்கே போதாது. வீட்டு விலை ஏறினால்தான் லாபம். ஏறாமல் போகுமா என்று கேட்காதீர்கள், இதே ஊரில் 2010-களில் அதுதான் நடந்தது. சிகாகோவில், டல்லாஸில் எல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்தபோது இங்கே பல வருஷம் பெரிதாக நகரவே இல்லை. மிட்சுபிஷி மூடியது, ஸ்டேட் ஃபார்ம் ஆட்கள் டல்லாஸ் போனார்கள், வாங்கிய விலைக்கே விற்றுவிட்டுக் கிளம்பியவர்கள் நிறையப் பேர். 2021-க்குப் பிறகு வந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து எப்போதும் இப்படித்தான் என்று நினைப்பது ஆபத்து.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இதோடு இன்னொரு முடிச்சு. வேலை போனால் புது ஸ்பான்சர் தேட அதிகபட்சம் 60 நாள். வீட்டை விற்பதென்றால், வாங்குகிறவர் கிடைத்த பிறகே க்ளோசிங்குக்கு, அதாவது பத்திரம் கைமாறுவதற்கு, 30 முதல் 45 நாள் ஆகும். வீட்டைச் சந்தையில் போட்டு ஆள் கிடைக்கும் நாள் தனி. ஊரின் பெரிய வாசல் ஒன்று ஆட்களைக் குறைக்கும் நேரத்தில் உங்களைப் போலவே பத்துப் பேர் அதே தெருவில் பலகை நட்டிருப்பார்கள். ஆகவே என் அளவுகோல் இதுதான்: கிரீன் கார்டு கைக்கு வரவில்லை, ஒரே வாசல் சம்பளம், ஏழு வருஷம் இருப்போம் என்று சொல்ல முடியவில்லை என்றால் வாடகையே போதும். மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் யோசிக்கலாம்.

கடன் வகையிலும் ஒரு மாற்றம். மத்திய அரசு உத்தரவாதம் தரும் எஃப்ஹெச்ஏ கடன் 2025 மே 25 முதல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்குக் கிடையாது. முன்பு 3.5 சதவீத டவுன் பேமென்ட்டில் விசாவிலேயே வாங்கியவர்களின் அறிவுரை இப்போது உங்களுக்குச் செல்லாது. சாதாரண கன்வென்ஷனல் கடன் விசாவிலும் கிடைக்கும், ஆனால் விசாவில் எவ்வளவு காலம் மிச்சம் என்று பார்ப்பார்கள், அப்ரூவல் நோட்டீஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால் பிஎம்ஐ என்று தனியாக ஒரு மாதக் கட்டணம் வரும். கடன் பாக்கி, வீட்டை வாங்கிய விலையின் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் அதை நீக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள், கேட்காவிட்டால் 78-இல்தான் தானாக நிற்கும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

2024 ஆகஸ்டிலிருந்து, ரியல்டரோடு வீடு பார்க்கப் போவதற்கு முன்பே அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது, எத்தனை மாதத்துக்குக் கட்டுப்படுகிறீர்கள் எல்லாம் அதில் இருக்கும். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் போடுங்கள், பிடித்தால் நீட்டிக்கலாம்.

உள்ளே போனதும் எல்லாரும் சமையலறையின் கிரானைட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் நேராக பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் ஈரப் புல்வெளி, மண்ணுக்கடியில் தண்ணீர் எப்போதும் வழி தேடிக்கொண்டிருக்கும். பேஸ்மென்ட் மூலையில் தரையில் ஒரு குழி, அதற்குள் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப். மூடியைத் தூக்கிப் பாருங்கள். பம்ப் மேலே ஒட்டியிருக்கும் தேதி ஸ்டிக்கர், துருப் படிந்த மிதவை, குழியின் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய கோடு, பக்கத்தில் பேட்டரி பேக்கப் இருக்கிறதா என்பது, இந்த நான்கும் விற்கிறவர் எழுதிக்கொடுத்த அறிக்கையைவிட உண்மை பேசும். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி பம்ப் ஓடுகிறதா என்று இன்ஸ்பெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் போவதும் பெருமழையும் ஒரே ராத்திரியில் வரும், பேட்டரி இல்லாத பம்ப் அப்போது வெறும் அலங்காரம்.

2021 ஜூன் கடைசியில் கொட்டிய மழையில் ப்ளூமிங்டனில் பல வீடுகளின் பேஸ்மென்ட்டுக்குள் சாக்கடைத் தண்ணீரே ஏறிவந்தது. நகரத்தின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பழைய வீடு வாங்குவதென்றால் சாக்கடைக் குழாயில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கடை எதிர்த்து ஏறுவதற்கு வீட்டு இன்ஷூரன்ஸில் தானாகக் கவரேஜ் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

ரேடான் என்ற வாயுவைப் பற்றி இந்தியாவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மண்ணிலிருந்து பேஸ்மென்ட்டுக்குள் வரும் கதிர்வீச்சு வாயு, நிறமோ வாசனையோ இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது. நடு இல்லினாயில் இது அதிகம். விற்கிறவர் தனக்குத் தெரிந்த பழைய சோதனை முடிவைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் சோதித்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆகவே நீங்கள் காசு கொடுத்துச் சோதியுங்கள். அளவு லிட்டருக்கு 4 பிகோக்யூரியைத் தொட்டால் அல்லது தாண்டினால் குழாய், விசிறி வைத்து வெளியேற்ற வேண்டும், அதற்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர்வரை ஆகலாம், அதை விற்கிறவர் தலையில் கட்டப் பேரம் பேசலாம்.

கூரைக்கு ஒரு வரி: எந்த வருஷம் போட்டது, ஆலங்கட்டிக்கு கிளெய்ம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இங்கே க்ளோசிங்குக்கு வக்கீல் வைப்பது வழக்கம், வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முக்கியமாக வரி விஷயத்துக்கு. இல்லினாயில் சொத்து வரி ஒரு வருஷம் பின்தங்கி வரும், 2025-க்கான வரியை 2026-இல்தான் கட்டுவார்கள், பொதுவாக ஜூனிலும் செப்டம்பரிலும் இரண்டு தவணையாக. அதனால் விற்கிறவர் தான் குடியிருந்த காலத்துக்கான வரியை க்ளோசிங்கில் உங்களுக்குக் கழித்துத் தர வேண்டும். பார்க்க டவுன் பேமென்ட் குறைந்ததுபோல் இருக்கும், ஆனால் அது அடுத்த வருஷம் பில்லாக வரப்போகும் பணம், அதில் சோபா வாங்கிவிடாதீர்கள். புதுக் கட்டட வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை: முதல் பில் வெறும் மனைக்கோ பாதி வருஷத்துக்கோ வரும், வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கடன் கொடுத்தவர் மாதாமாதம் பிடித்துவைக்கும் எஸ்க்ரோவும் அதை வைத்தே குறைவாகப் பிடிப்பார்கள், அடுத்த வருஷம் முழு வரி வந்து மாதத் தவணை திடீரென்று நானூறு, ஐந்நூறு ஏறும். பில்டர் இதை எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஊருக்கு வெளியே போனால் விலை குறையுமா? ஹட்சன், டவாண்டா, ஹேவொர்த், லெராய், டவுன்ஸ் என்று சின்ன ஊர்கள் பத்து, இருபது நிமிஷத்தில் இருக்கின்றன. ஹட்சனும் டவாண்டாவும் யூனிட் 5-க்குள் வரும், ஹேவொர்த்துக்குத் தனிப் பள்ளி மாவட்டம், டவுன்ஸ் ட்ரை-வேலி என்ற பள்ளி மாவட்டத்தில். இடம் பெரிது, அமைதி. ஆனால் விற்கும்போது வாங்க வருகிற கூட்டமும் சின்னது. நம் ஆட்களில் பெரும்பாலானோர் கிழக்கு ப்ளூமிங்டனையே தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதன்மேல் கண் வைக்க வேண்டும்

"மிட்வெஸ்ட் சந்தை 2 சதவீதம் ஏறும்" மாதிரியான நாடு தழுவிய கணிப்புகளை இந்த அளவு ஊருக்குப் பொருத்தவே முடியாது. ஒரே ஆலையின் ஒரு ஷிஃப்ட் அதை மாற்றிவிடும். அதற்குப் பதில் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் போதும். மாநில வேலைவாய்ப்புத் துறை வெளியிடும் ப்ளூமிங்டன் பகுதி வேலை எண்ணிக்கையைப் பாருங்கள், அதில் உற்பத்தியும் நிதித்துறையும் தனித்தனியாக எப்படிப் போகின்றன என்று. இல்லினாயில் 75 அல்லது அதற்கு மேல் முழுநேர ஆட்களை வைத்திருக்கும் கம்பெனி பெரிய அளவில் ஆளைக் குறைத்தால் 60 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், அந்தப் பட்டியலை மாநிலம் மாதாமாதம் வெளியிடுகிறது. கான்ட்ராக்டர்களை வெளியேற்றுவது அதில் வராது என்பதை மறக்காதீர்கள். ரிவியனின் காலாண்டு உற்பத்தி, விற்பனை எண்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் தொடக்கத்தில் வரும். உள்ளூர்ச் செய்திக்கு யுனிவர்சிட்டி நடத்தும் டபிள்யூஜிஎல்டி ரேடியோ நன்றாக இருக்கிறது, நகர சபையில் எந்த இடத்தில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். விற்பனைக்கு இருக்கும் வீடுகள் எத்தனை மாதத்துக்குப் போதும் என்ற எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்றால் சமநிலை என்பார்கள். அதற்கு ரொம்பக் கீழே இருக்கும்வரை பேரம் பேச இடமில்லை, மூன்று நான்கைத் தாண்டினால் தைரியமாகக் குறைத்துக் கேட்கலாம்.

வாங்கியே விட்டீர்களா? அப்படியானால் க்ளோசிங் முடிந்த கையோடு, குடியிருப்பவருக்கான அந்த 6,000 தள்ளுபடிக்கு கவுண்டி அசெஸ்மென்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் போடுங்கள், பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது உங்களுக்குத் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த மதிப்பீட்டு நோட்டீஸ் தபாலில் வந்ததும் அதில் போட்டிருக்கும் தொகையை மூன்றால் பெருக்குங்கள். நீங்கள் கொடுத்த விலையைவிட அதிகமாக வந்தால் முதலில் டவுன்ஷிப் அசெஸரிடம் பேசுங்கள். அங்கே சரியாகாவிட்டால், மதிப்பீடு வெளியான 30 நாளுக்குள் க்ளோசிங் பேப்பரை இணைத்து கவுண்டியின் மறுஆய்வுக் குழுவுக்கு மனுப் போட வேண்டும், அந்த முப்பது நாள் போனால் அடுத்த வருஷம்தான்.